முயலுக்குச் சொறி: பக்கு எங்கே என்று முதலில் பாருங்கள்

முயல் விடாமல் சொறிகிறது, முடி கொட்டுகிறது, எங்கோ ஓரிடத்தில் பக்கு கட்டியிருக்கிறது என்றால் முதல் சந்தேகம் சிற்றுண்ணி மேல்தான் விழ வேண்டும். டாக்டர்கள் மைட் என்பார்கள். பண்ணைக்காரர்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொறி என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் முயலைப் பிடிக்கும் சிற்றுண்ணி ஒரே வகை கிடையாது. ஒன்று காதுக்குள் குடியிருக்கும். ஒன்று முதுகு முடிக்கடியில் திரியும். இன்னொன்று மூக்கு, உதடு, விரல் நுனியில் தோலைக் குடைந்து உள்ளே போய்விடும். பக்கு எந்த இடத்தில் தொடங்கியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பார்ப்பதற்கு முன்னால் பிடிக்கத் தெரிய வேண்டும். சந்தையில் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நாமும் பழகியிருப்போம். காதில் சொறி உள்ள முயலை அப்படித் தூக்கினால் அதற்கு உயிர் போகிற வலி. இன்னொரு ஆபத்தும் உண்டு. பயந்த முயல் பின்னங்காலால் பலமாக உதைக்கும்போது இடுப்புப் பக்கம் முதுகெலும்பே முறிந்துவிடலாம். தரையில் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஒரு பழைய டர்க்கி டவலைப் போட்டு, முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கை எப்போதும் பின்பக்கத்தைத் தாங்கியபடி இருக்கட்டும். அப்புறம், சமையலறைத் தராசில் ஒரு கூடையை வைத்து எடை பார்த்து எழுதி வையுங்கள். மருந்தின் அளவு முழுக்க அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

தலையை உதறுகிறது, காதைச் சொறிகிறது, உள்ளே பழுப்புப் பக்கு

மூன்றில் இதுதான் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியது. செல்போன் டார்ச்சைக் காதுக்குள் அடியுங்கள். நல்ல காது உள்ளே இளஞ்சிவப்பாக, சுத்தமாக இருக்கும். கொஞ்சம் மஞ்சள் மெழுகு இருந்தால் பரவாயில்லை. சோரோப்டிஸ் என்ற காதுச் சிற்றுண்ணி வந்திருந்தால், அடியிலிருந்து மேலாக அடுக்கடுக்காகப் பழுப்புச் செதில் ஏறியிருக்கும், நொறுக்கிய அப்பளத்தைத் திணித்து வைத்த மாதிரி. ஆரம்பத்தில் காதின் ஆழத்தில் மட்டும் லேசாகத் தெரியும். விட்டுவிட்டால் மடல் முழுவதும் நிரம்பிக் காது கனத்து ஒரு பக்கம் தொங்கிவிடும். நாற்றமும் வரும்.

இந்த உண்ணி தோலைக் குடைவதில்லை. மேற்புறத்தைக் குத்தி, அங்கே கசியும் நீரைக் குடித்து வாழ்கிறது. அந்தக் கசிவும், உதிர்ந்த தோலும், உண்ணியின் கழிவும் சேர்ந்து காய்ந்ததுதான் பக்கு. கூர்ந்து பார்த்தால் பக்கின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள் மெதுவாக நகர்வது தெரியும். முழு வளர்ச்சி அடைந்தது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அதனால் நல்ல வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கே அகப்படும்.

இங்கே எல்லாரும் செய்ய நினைப்பது, பக்கைப் பிய்த்துக் காதைச் சுத்தம் செய்வது. செய்யாதீர்கள். பக்குக்கு அடியில் இருப்பது தோல் போன பச்சை ரணம். பட்ஸ் விட்டுக் குடைந்தால் ரத்தம் வரும், முயல் துடிக்கும், பக்கைக் காதுக்குழாயின் உள்ளே தள்ளியும் விடுவோம். உண்ணி செத்தால் பக்கு தானாக உலர்ந்து பிரிந்து விழும்; பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காது சுத்தமாகிவிடும். அதுவரை கை வைக்காமல் இருப்பது கஷ்டம்தான், ஆனால் அதுதான் சரியான வைத்தியம். அடியில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தால் டாக்டர் மயக்கமோ வலிமருந்தோ கொடுத்துவிட்டுப் பார்ப்பார்.

தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. காதில் எண்ணெய் விடுவது பழைய பண்ணை முறை. பக்கை ஊற வைக்கும், மேலாக இருக்கும் உண்ணிகளைக் கொஞ்சம் மூச்சுமுட்டவும் வைக்கும். ஆனால் தலையிலும் கழுத்திலும் பரவியிருக்கிற உண்ணிகளை அது தொடாது. காது நன்றாக இருப்பது போல் தெரிந்து, அப்புறம் மறுபடி கிளம்பும். கற்பூரம் கலந்த எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. முயல் காலால் காதைத் துடைத்து அந்தக் காலை நக்கும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷம்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, சுற்றிச் சுற்றி வருகிறது, கண்மணி ஆடுகிறது என்றால் இது காதோடு நிற்கும் விஷயம் இல்லை. நடுக்காது, உட்காதுக்குத் தொற்று போயிருக்கலாம். உண்ணியே இல்லாமல் வேறு நுண்கிருமியாலும் தலைச்சாய்வு வரும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதுகில் வெள்ளைப் பொடுகு, கழுத்துக்குப் பின்னால் முடி கொத்தாக வருகிறது

தோள்பட்டைக்கு நடுவிலும் வால் தொடங்கும் இடத்திலும் முடியை எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். பெரிய பெரிய பொடுகுச் செதில், தொட்டால் முடி கொத்தாகக் கையோடு வருகிறது, அடியில் தோல் லேசாகச் சிவந்திருக்கிறது என்றால் கைலெட்டியெல்லா என்ற முடி உண்ணியாக இருக்கலாம். இதற்கு நடக்கும் பொடுகு என்றே ஒரு பெயர் உண்டு. பெயர்க் காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு கறுப்பு சார்ட் பேப்பரைத் தரையில் விரித்து, முயலை அதன் மேல் நிறுத்தி, பேன் சீப்பால் முதுகை வாருங்கள். விழுந்த பொடுகைக் கொட்டிவிடாமல் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஓரிரு நிமிஷம் சும்மா பாருங்கள். செதில்களில் ஒன்றிரண்டு தானாக இடம் மாறினால் அது பொடுகில்லை. உண்ணி செதிலைச் சுமந்துகொண்டு போகிறது. இன்னொரு வழி, செல்லோ டேப்பைத் தோலில் ஒட்டி எடுத்து, அப்படியே ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரிடம் கொடுப்பது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் டேப்பில் எதுவும் சிக்கவில்லை என்பதால் உண்ணி இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அறிகுறி பொருந்தினால் மருந்து கொடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

இந்த உண்ணி விஷயத்தில் எனக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் முடி உண்ணி எத்தனையோ முயல்களிடம் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துகொண்டே இருக்கும். முயல் தினமும் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதால் எண்ணிக்கை ஏறுவதில்லை. அது திடீரென்று பெருகிவிட்டது என்றால், முயல் ஏன் முதுகை நக்குவதை நிறுத்தியது என்று கேட்க வேண்டும். பெல்லட்டும் கேரட்டுமாகத் தின்று உருண்டுபோன முயலுக்குக் கழுத்தைத் திருப்பி வாலடியை எட்ட முடியாது. வயதான முயலுக்கு மூட்டுவலி. கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கில் குத்துகிற முயல் நக்கவே நக்காது. மருந்து உண்ணியைக் கொல்லும். காரணம் அப்படியே இருந்தால் சில மாதத்தில் முதுகு மறுபடியும் வெளுக்கும். ஆகவே பொடுகோடு போகும்போது பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முடித்தண்டிலேயே மிளகுத்தூள் தூவினாற்போல் நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது லெபோரகாரஸ் என்ற வேறொரு வகை. பெரும்பாலும் அரிப்புகூடத் தராது. மருந்து அதே மருந்துதான்.

மூக்கு, உதடு, காதோரம், நகத்தடியில் சாம்பல் வெள்ளைப் பக்கு

மூன்றில் இதுதான் மோசமானது. சார்கோப்டிஸ் தோலுக்குள் சுரங்கம் போட்டு அதில் முட்டையிடும். நோட்டோயெட்ரிஸ் என்ற நெருங்கிய இனமும் இதே மாதிரிதான் செய்யும். மூக்கு நுனி, உதட்டோரம், கண்ணைச் சுற்றி, காது மடலின் விளிம்பு, முன்னங்கால் விரல்கள், நகம் முளைக்கும் இடம், பிறப்புறுப்புப் பக்கம் என்று முடி குறைந்த இடங்களில் தடித்துக் காய்ந்த பக்கு எழும்பும். அரிப்பு தாங்காமல் முயல் தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். மூக்கிலும் உதட்டிலும் பக்கு இறுகினால் வாயைத் திறந்து தின்ன முடியாது. இளைத்துப்போகும். கூட்டமாக அடைத்து வளர்க்கும் இடங்களில் இது தீயாகப் பரவும்.

உண்ணி தோலுக்குள் இருப்பதால் டேப்பில் வராது, கண்ணுக்கும் தெரியாது. பக்கின் விளிம்பில் பிளேடால் ரத்தம் கசியும் வரை சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயே கொண்டுபோவது நல்லது. சுரண்டலைப் பார்க்கும் வசதி அங்கே இருக்கும். படர்தாமரையும் முயலுக்கு மூக்கு, காது, கண் பக்கம்தான் முதலில் வரும். வட்டமாக முடி உதிர்ந்து, ஓரம் சிவந்து, மேலே செதில் இருக்கும். அது பூஞ்சை. அதற்கு உண்ணி மருந்து ஒன்றும் செய்யாது. இரண்டையும் பார்வையில் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சில சமயம் தப்பும்.

இந்த இடத்தில்தான் வீட்டு அலமாரியிலிருந்து தோல் களிம்பு வெளியே வரும். அரிப்பு, படை, தொற்று எல்லாவற்றுக்கும் ஒரே குழாயில் என்று விற்கும் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முயல் உடம்பு ஸ்டீராய்டுக்கு மிகவும் பலவீனமானது, எதிர்ப்புச் சக்தி சட்டென்று இறங்கும். இரண்டு நாள் சிவப்பு அடங்கும், அப்புறம் உண்ணியோ பூஞ்சையோ இன்னும் வேகமாகப் பரவும். நம் சொறிக்குத் தடவும் லோஷனும் வேண்டாம். தடவியதில் பாதி அதன் வயிற்றுக்குள்தான் போகும்.

முடி மட்டும் கொட்டுகிறது, பக்கும் இல்லை, அரிப்பும் இல்லை

அவசரப்படாதீர்கள். பழைய முடி உதிரும்போது திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். அடியில் தோல் சுத்தமாக, புது முடி குத்திக்கொண்டு வந்தால் அது பருவ உதிர்வு. பெண் முயல் தாடையடி, வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினால் சினையாகவோ பொய்ச்சினையாகவோ இருக்கும். தாடை ஈரமாகி முடி போனால் பல்லைப் பாருங்கள். பின்புறம் நனைந்து சிவந்திருந்தால் மூத்திரம் பட்டு வெந்தது. ஜோடியில் ஒன்று மற்றதன் முடியைக் கடித்து எடுப்பதும் உண்டு. கடித்த முடி கத்தரித்தாற்போல் மொட்டையாக நிற்கும்.

மழைக்காலத்தில் ஈரமான பின்புறத்தையோ சொறிந்து புண்ணான இடத்தையோ தினமும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் ஒரே நாளில் நிலைமை கைமீறும். அது காலை வரை காத்திருக்கும் விஷயமில்லை.

மருந்து: எதைக் கேட்பது, எதை மறுப்பது

மூன்று வகைக்கும் வழக்கமாகப் போடுவது ஐவர்மெக்டின், தோலுக்கடியில் ஊசியாக. முயலுக்கான அளவு ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை. இதை எழுதுவது நீங்களே போடுவதற்காக அல்ல, எவ்வளவு நுணுக்கமான அளவு என்று தெரிவதற்காக. மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஒன்றரைக் கிலோ முயலுக்கு அதில் 0.03 முதல் 0.06 மில்லிதான் வரும். ஒரு மில்லியை 40 கோடாகப் பிரித்த இன்சுலின் ஊசியில் ஒன்றிரண்டு கோடு. கொஞ்சம் கை நழுவினால் இரட்டை அளவு. மனிதர்களுக்கான 12 மில்லிகிராம் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு கிலோ முயலுக்கு உச்ச அளவே 0.8 மில்லிகிராம், அதைப்போல் 15 மடங்கு உள்ளே போகும்.

செலமெக்டின் சொட்டு மருந்து கிடைத்தால் ஊசி குத்தாமல் பிடரியில் விட்டால் போதும். முயல்களுக்கு நன்றாக வேலை செய்யும். எந்த அளவு, எப்போது திரும்ப விடுவது என்பதை எடையைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். வாய் எட்டாத பிடரியில் முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். ஜோடியாக வளர்ப்பவர்கள், காயும் வரை இரண்டையும் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று மற்றதை நக்கிவிடும்.

கட்டாயம் மறுக்க வேண்டியது ஃபிப்ரோனில். நாய்க்கும் பூனைக்கும் உண்ணிக்காகப் பிடரியில் விடும் சொட்டு மருந்துகளிலும் ஸ்ப்ரேக்களிலும் இது பரவலாக இருக்கிறது. முயலுக்கு இது வலிப்பு வரவழைத்து உயிரையே எடுத்திருக்கிறது. பெட் ஷாப்காரர் நாய்க்குட்டிக்கே போடுறது சார் என்று நீட்டினாலும், பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தைப் படியுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு, அமிட்ராஸ் கரைசல், உண்ணிக்கான கழுத்துப் பட்டை இவையும் வேண்டாம். மாட்டாஸ்பத்திரி டாக்டர் நாள் முழுக்க மாடும் ஆடும் நாயும் பார்ப்பவர். முயலுக்கு ஃபிப்ரோனில் ஆகாது என்று கேள்விப்பட்டேன் சார் என்று நீங்களாகவே பணிவாக ஒரு வார்த்தை போட்டு வைப்பதில் தப்பில்லை.

புண்ணில் தொற்று இருந்து ஆன்டிபயாடிக் தேவைப்பட்டாலும் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை வாயில் ஊற்றாதீர்கள். முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அது அழித்து, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய்விடும். குளிப்பாட்டவும் வேண்டாம். நனைந்த முயல் காய நெடுநேரம் ஆகும், பயத்திலேயே விறைத்துப்போகும்.

எந்த மருந்து நடக்கும்போதும் கவனிக்க வேண்டியது தீனியும் புழுக்கையும். அரை நாளாகப் புல் தொடவில்லை, புழுக்கை நின்றுவிட்டது என்றால் சொறியை மறந்துவிட்டு வயிற்றுக்காக ஓடுங்கள்.

சரியான மாதிரி இருந்தது, மறுபடி வந்துவிட்டது

கேள்விகளில் அதிகம் வருவது இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் ஊசியில் நடமாடும் உண்ணி சாகும், முட்டை சாகாது. நாலைந்து நாளில் அரிப்பு அடங்கி முயல் தெளிவாகிவிடும். சரி, போதும் என்று நாம் இரண்டாவது ஊசிக்குப் போகமாட்டோம். முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, மறுபடி முட்டையிடச் சுமார் மூன்று வாரம்; முடி உண்ணிக்கு இன்னும் கொஞ்சம் கூட ஆகும். பொரிந்தவை முட்டையிடுவதற்குள் அடுத்த ஊசி விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்த 10, 14 நாள் கணக்கு. முதல் ஊசி போட்ட அன்றைக்கே அடுத்த இரண்டு தேதியையும் காலண்டரில் வட்டமிடுங்கள்.

ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டும் வந்தால் கூண்டைப் பாருங்கள். காதுச் சிற்றுண்ணி முயலை விட்டு விழுந்த பிறகும், ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால், மூன்று வாரம் வரை தாக்குப்பிடிக்கும். சாக்கு, தென்னைநார் மிதியடி, மரப்பெட்டி, அட்டைப்பெட்டி எல்லாம் அதற்குச் சத்திரம். சாக்கையும் அட்டையையும் எரித்துவிடுங்கள், துணியைக் கொதிநீரில் போடுங்கள், கம்பிக் கூண்டைத் தேய்த்துக் கழுவி உச்சி வெயிலில் காய வையுங்கள். சீப்பையும் மறக்காதீர்கள். இந்தச் சுத்தத்தை ஒவ்வொரு ஊசி நாளிலும் செய்ய வேண்டும், ஒருமுறை செய்து விட்டால் பிரயோஜனமில்லை.

அடுத்தது, வீட்டில் இருக்கும் மற்ற முயல். அது சொறியவில்லை என்பதால் அதற்கு மருந்து போடாமல் விட்டிருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். புது முயல் வாங்கினாலும் இதே கதைதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் ஒரே கூண்டில் நெருக்கி வைத்திருப்பார்கள். வாங்கும்போதே காதுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் மூன்று நான்கு வாரம் தனி இடம், தனித் தட்டு. பழைய முயலைத் தொட்டுவிட்டுப் புதியதிடம் போங்கள், திருப்பிச் செய்யாதீர்கள்.

உங்களுக்கும் அரிக்கிறது

முயலைத் தூக்கும் முன்கையிலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு வந்தால் முடி உண்ணியோ சார்கோப்டிஸோ உங்களையும் கடித்திருக்கிறது. காதுச் சிற்றுண்ணி மனிதரைத் தொடாது. முயலின் உண்ணியால் நம் தோலில் நிலைத்துக் குடும்பம் நடத்த முடியாது, முயல் சரியானதும் இதுவும் அடங்கிவிடும். அதிகமாக இருந்தால் தோல் டாக்டரிடம் போங்கள், போகும்போது வீட்டில் முயல் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் சோப்பு, பவுடர் என்று வேறு பக்கம் தேடிக்கொண்டிருப்பார். வட்டமான படையாக வந்தால் அது பூஞ்சை. அப்போது முயலுக்கு வந்ததும் படர்தாமரையாக இருக்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

ஊசி முடிந்தது, பக்கு விழுந்தது, முடி வரவில்லை

அரிப்பு நின்று, தோல் வழவழப்பாகி, புதுப் பக்கு எதுவும் இல்லை என்றால் முடிக்காகக் கவலைப்பட வேண்டாம். சில இடங்களில் ஒரு மாதத்தில் மூடிவிடும். சில இடங்கள் அடுத்த பருவ உதிர்வு வரை வழுக்கையாகவே நிற்கும். வாரம் ஒருமுறை காதில் டார்ச், முதுகில் பேன் சீப்பு, கறுப்புத் தாள். தோல் சிவந்தோ தடித்தோ இருந்தால் மட்டும் சுரண்டிப் பார்க்க மறுபடி கொண்டுபோங்கள், பழைய சீட்டையும் எடை எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு.